இருக்கும் இடம் அவருக்குத் தெரியாமல் வழக்குப் போடலாமா?

கேள்வி: அக்கா, நான் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். கணவரின் அடி உதை தாங்க முடியாமல் மூன்று மாதத்துக்கு முன் மகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறினேன். இப்போது வேறொரு பக்கத்தில் ஒரு சிநேகிதி வீட்டில் இருக்கிறோம். "எங்க போனாலும் தேடி வந்து வெட்டுவன்" என்று என் தம்பிக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். வழக்குப் போட்டால் இருக்கிற இடம் தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் முகவரி கேட்கிறார்கள். அமெரிக்காவில் என்னைப் போன்றவர்களுக்கு அரசாங்கமே வேறொரு முகவரி கொடுக்கிறதாம். நம் நாட்டில் அப்படி ஏதும் சட்டம் உண்டா?

பதில்:

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடித உறையில் அனுப்பியவர் முகவரி இருக்கவில்லை. கவனமாகத்தான் விட்டிருக்கிறீர்கள். ஆனால் முத்திரையின் மேல் நீங்கள் கடிதம் போட்ட தபால் நிலையத்தின் பெயர் வட்டமாக, ஓர் எழுத்தும் அழியாமல் விழுந்திருந்தது. அந்த உறையை எரித்துவிட்டேன். கடிதத்தில் இருந்த ஊர்ப் பெயர்களையும் மகளின் வயதையும் இங்கே எடுத்துவிட்டேன். இதை அவரும் வாசிக்கக்கூடும் அல்லவா? இனி எனக்கு எழுதுவதானால், மட்டக்களப்புக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து இங்கே தபால் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். 1989இல் கலிபோர்னியாவில் ரெபேக்கா ஷேஃபர் என்ற இளம் நடிகையை, அவரைப் பின்தொடர்ந்து திரிந்த ஒருவன் அவருடைய வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். வீட்டு முகவரி அவனுக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? துப்பறிபவர் ஒருவருக்குக் காசு கொடுத்தான். அவர் மோட்டார் வாகனத் திணைக்களத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பதிவேடுகளை இப்படிக் கண்டபடி திறந்துவிடுவதைத் தடுக்க 1994இல் நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1991இல், வாஷிங்டன் மாநிலம் வேறொரு வழியைத் தொடங்கியிருந்தது. ஆபத்தில் இருப்பவருக்கு அரசாங்கமே ஒரு தபாற்பெட்டி முகவரி கொடுக்கும். அரச அலுவலகங்கள் அதையே அவருடைய முகவரியாக எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே வரும் கடிதங்களை அதிகாரிகள் உண்மையான வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். பிறகு மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவையும் இதைப் பின்பற்றின. ஜப்பானில் 2004 முதல், வீட்டு வன்முறையால் ஓடி வந்தவரின் வதிவிடப் பதிவைத் துன்புறுத்தியவர் கேட்டால் நகரசபை மறுத்துவிடலாம்.

இலங்கையில் இப்படி ஒரு மாற்று முகவரிச் சட்டம் இல்லை. உங்களுக்கு வீண் நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அமெரிக்க ஏற்பாட்டிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. புது முகவரி ஓர் அலுவலகத்திலும் பதியப்படுவதற்கு முன்பே அதில் சேர்ந்துவிட வேண்டும். ஒருமுறை வெளியே போன முகவரியை எந்த அரசாங்கத்தாலும் திருப்பி எடுக்க முடியாது. நீங்கள் இதுவரை எங்கேயும் புது முகவரியைக் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு உங்கள் கையில் உள்ள பெரிய பலம் அதுதான். இனி ஒவ்வொரு படிவத்தையும் நிரப்பும்போது, இந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று ஒருமுறை யோசித்துவிட்டு நிரப்புங்கள்.

வழக்கைத் தள்ளிப்போட வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நீங்களே கேட்கலாம், உங்களுக்காகப் பொலிஸாரும் கேட்கலாம். எந்த நீதிமன்றத்தில் கேட்பது என்பதில்தான் உங்கள் பயத்துக்குப் பதில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரோ எதிராளியோ வசிக்கும் இடம், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம், வன்முறை நடந்த இடம் என்று சட்டம் பல கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. பலர் அலைச்சலுக்குப் பயந்து, ஓடி வந்த ஊருக்குக் கிட்டவுள்ள நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார்கள். நோட்டீஸ் கணவர் கைக்குக் கிடைத்ததும், தலைப்பில் உள்ள நீதிமன்றத்தின் பெயரை வைத்தே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று அவருக்கு விளங்கிவிடும். உங்கள் விஷயத்தில் அடி விழுந்தது படுவான்கரையில், அவர் இருப்பதும் அங்கேதான். ஆகவே மட்டக்களப்பு மாவட்டத்தில் அந்தப் பகுதிக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே போடுங்கள். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் கூடப் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது சத்தியக்கடதாசி, அதாவது மனுவோடு சத்தியம் பண்ணிக் கொடுக்கும் எழுத்து வாக்குமூலம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கையாலேயே ஒரு பிழை நடந்தது. பல வருடத்துக்கு முன் ஒரு பிள்ளை சட்டத்தரணியான என்னிடம் வந்தாள். உங்களைப் போலவே ஓடி வந்தவள். கதையைக் கேட்டு, அன்றைக்கே நான்கு பக்கத்தில் சத்தியக்கடதாசி தயாரித்தோம். எங்கள் வழக்கமான முதல் வரி உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன்: "இன்ன இலக்கம், இன்ன வீதி, இன்ன ஊரில் வசிக்கும் இன்னாராகிய நான்." அந்த வரியில் அவள் ஒளிந்திருந்த பெரியம்மா வீட்டு முகவரி அப்படியே டைப் ஆகியிருந்தது. நானும் வாசித்தேன், அவளும் வாசித்துக் கையெழுத்து வைத்தாள். எங்கள் இரண்டு பேருடைய கண்ணும் அடி, காயம், திகதி என்று கீழே உள்ள பந்திகளிலேயே நின்றது. மனுவின் பிரதி எதிராளிக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாததா? நோட்டீஸ் போன மூன்றாம் நாள் அவன் அந்த வீட்டுப் படலையில் வந்து நின்றான். அயலவர்கள் ஓடி வந்ததால் அன்றைக்கு உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் இன்னொரு வீடு தேடிப் போக வேண்டி வந்தது. அன்று முதல் இப்படியான வழக்குகளில் முதல் வரியை நானே கையால் எழுதித்தான் டைப் அடிக்கக் கொடுக்கிறேன்.

அந்த வரியில் என்ன எழுதலாம்? பொய் முகவரி எழுதக் கூடாது, அது சத்தியம் பண்ணிக் கொடுக்கும் கடதாசி. உங்கள் நிரந்தர முகவரி படுவான்கரை வீடு. அதை நிரந்தர முகவரி என்றே எழுதுங்கள். "பாதுகாப்புக் காரணத்தால் தற்போது வேறிடத்தில் தங்கியிருக்கிறேன், அந்த இடத்தை நீதிமன்றத்துக்கு மாத்திரம் இரகசியமாகத் தெரிவிக்க ஆயத்தமாக இருக்கிறேன்" என்று அடுத்த வரியில் சேருங்கள். அறிவித்தல்களைச் சட்டத்தரணியின் முகவரிக்கு அனுப்பும்படி கேளுங்கள். முகவரியை உறையில் போட்டு ஒட்டிப் பதிவாளரிடம் கொடுக்க அனுமதி கேட்டு, சட்டத்தரணி நீதவானிடம் வாயாலும் சொல்ல வேண்டும். கட்டளையின் பிரதிகள் எதிராளிக்கும் பொலிஸுக்கும் போகும் என்பதால், அதிலும் இடத்தின் பெயர் வராமல் பார்க்கச் சொல்லுங்கள். சத்தியக்கடதாசியோடு சேர்க்கும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். இப்போது இருக்கும் ஊரின் ஆஸ்பத்திரித் துண்டு ஒன்று இடையில் செருகுப்பட்டால், மேலே செய்த எல்லாம் வீண்.

ஆபத்து அவசரமானது என்று நீதவான் கண்டால் உடனேயே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிப்பார். விசாரணைக்குப் பதினான்கு நாளுக்குள் திகதி போடப்படும். விசாரணைக்குப் பிறகு தரும் கட்டளை 12 மாதம் வரை நீடிக்கலாம். உங்கள் இருப்பிடத்துக்கோ, வேலை செய்யும் இடத்துக்கோ, நீங்கள் தஞ்சம் புகுந்த இல்லத்துக்கோ அவர் வரக் கூடாது, உங்களோடு தொடர்புகொள்ளக் கூடாது என்றெல்லாம் அதில் தடுக்கலாம். மீறினால் அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. இதை வாசிக்கும் முஸ்லிம் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: காழி நீதிமன்றத்தில் உங்கள் வழக்கு இருந்தாலும் இந்தச் சட்டம் உங்களுக்கும் உரியதே. நீதவானிடம் போகத் தடை எதுவும் இல்லை.

விசாரணை நாளில்தான் அவர் உங்களை நேரில் காண்பார். வந்த வழியே உங்களைப் பின்தொடர முடியும் என்பதை மறக்காதீர்கள். தனியாக வரவே வேண்டாம். வழக்கு முடிந்ததும் அவரைக் கொஞ்ச நேரம் மறித்து வைக்கும்படி நீதிமன்றப் பொலிஸாரிடம் உங்கள் சட்டத்தரணி கேட்கலாம். பெரும்பாலும் உதவுவார்கள். வெளியே வந்து நேரே நீங்கள் இருக்கும் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறாதீர்கள். தெரிந்த ஒருவர் வீட்டிலோ பெண்கள் அமைப்பின் அலுவலகத்திலோ பொழுது சாயும் வரை இருந்துவிட்டுப் போங்கள்.

வழக்குக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. "மனைவியையும் பிள்ளையையும் காணவில்லை" என்று அவர் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கக்கூடும். எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி நடப்பது. பொலிஸார் நல்ல மனதோடு தேடிப் பிடித்து, "இந்தா இன்ன இடத்தில் இருக்கிறா" என்று அவரிடமே சொல்லிவிட்ட கதைகள் எனக்குத் தெரியும். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவுக்குப் போய், அடி தாங்காமல் சுயவிருப்பத்தின் பேரில் பிள்ளையோடு வெளியேறினேன், பாதுகாப்பாக இருக்கிறேன், இருக்கும் இடத்தை ஒருவருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்று முறைப்பாட்டில் பதிந்து, அதன் இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவேன் என்ற மிரட்டலையும் தம்பியைக் கொண்டு பதியச் செய்யுங்கள். அது குற்றவியல் விவகாரம். அப்போது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குரிய பாதுகாப்பையும் நீங்கள் கேட்கலாம். அதற்கென ஒரு தேசிய அதிகாரசபையும் பொலிஸில் தனிப் பிரிவும் இருக்கின்றன. நிலைமை மோசமானால் வேறிடத்துக்கு மாற்றிக் குடியமர்த்துவது வரை அந்தச் சட்டத்தின் கை நீளும்.

பள்ளிக்கூட விஷயம். மகளைப் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்கும்போது விடுகைப் பத்திரம் வேண்டும். அதிபர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்பார், பதிவேட்டிலும் எழுதுவார். தகப்பன் என்ற உரிமையோடு அவர் போய்க் கேட்டால், காரணம் தெரியாத அதிபர் சொல்லத்தான் செய்வார். அதனால் இடைக்காலக் கட்டளை கிடைத்ததும் அதன் பிரதியை வைத்து இரண்டு வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள். பிள்ளை மாறிப் போன இடத்தை ஒருவருக்கும் வெளியிட வேண்டாம் என்று அதிபருக்கு அறிவுறுத்தும்படி கேளுங்கள். புதுப் பள்ளிக்கூட அதிபரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளையை ஏற்ற வருபவர்கள் யார் யார் என்று பெயர் கொடுங்கள். பரிசளிப்பு விழாப் படத்தைப் பள்ளிக்கூடத்தின் முகநூலில் போடும்போது மகள் அதில் இல்லாமல் இருக்கட்டும் என்றும் சொல்லி வையுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பிள்ளையை யார் வைத்திருப்பது என்பதில் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை தகப்பனுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிள்ளையைப் பற்றியும் மனுவில் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

கிராம உத்தியோகத்தரின் (ஜீ.எஸ்.) வதிவிடச் சான்று கேட்டால், பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரை முதலில் சந்தித்து, அவரோடு ஜீ.எஸ்.இடம் போங்கள். வாக்காளர் இடாப்பில் பெயரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இடாப்பு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. இணையத்திலும் அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் பதிவைப் பார்க்கலாம். உங்கள் அட்டை இலக்கம் கணவருக்கு மனப்பாடமாகக்கூட இருக்கும். அலுவலகம் எதுவானாலும், முகவரி கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில் சிறிய கடிதம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்: இது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5(1)(அ) பிரிவில் சொல்லப்படும் தனிப்பட்ட தகவல், வெளியிட்டால் என் உயிருக்கு ஆபத்து. அந்தக் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை குத்திய பிறகு அந்தக் கோப்பைத் திறக்கிற கிளார்க் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்.

தபால் வருவதற்கு நாமே ஒரு மாற்று முகவரி செய்துகொள்ளலாம். "மே/பா" (மேற்பார்வை) என்று போட்டுச் சட்டத்தரணியின் அலுவலக முகவரியைக் கொடுப்பது ஒன்று. இல்லையென்றால் நீங்கள் வசிக்காத ஒரு நகரத்தின் தபால் நிலையத்தில் தபாற்பெட்டி வாடகைக்கு எடுக்கலாம். தாபரிப்புக் காசை நீதிமன்றத்தில் கட்டும்படி கேளுங்கள். வங்கியில் போடச் சொன்னால் பழைய ஊர்க் கிளைக் கணக்கையே கொடுங்கள். புதிதாகத் திறந்த புத்தகத்தில் கிளையின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

சிம் யாருடைய அடையாள அட்டையில் எடுத்தது? அவருடையதென்றால் இன்றைக்கே மாற்றுங்கள். சிம் தொலைந்துவிட்டது என்று சொல்லி அதே இலக்கத்துக்குப் புது சிம் எடுத்தாரானால் உங்கள் வட்ஸ்அப்பும் அவர் கைக்குப் போய்விடும். மகள் விளையாடும் போனில் பழைய ஜிமெயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டிக்கொண்டே இருக்கும்.

தங்கச்சி, இருபது வருடத்துக்கு மேல் இந்த நீதிமன்றங்களில் நின்ற எனக்கு, தாள்களைவிட மனிதரை நினைத்துத்தான் கூடப் பயம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. அக்கா வீடு, தங்கச்சி வீடு, அம்மா வீடு எல்லாம் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வேலியிலோ இருக்கும். நீங்கள் ஓடிப் போகக்கூடிய வீடுகளெல்லாம் அவர் பத்து வருடம் சோறு தின்ற வீடுகள். நல்லவேளை, சிநேகிதி வீட்டுக்குப் போனீர்கள். ஆனால் அங்கேயும் ஒரு கடையில் சாமான் வாங்கினால், "புள்ள நீ எந்த ஊர், ஆருட மகள்?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஊரைச் சொன்னால் அடுத்தது எந்தக் குடி, அதாவது எந்தத் தாய்வழிக் குலம். குடியைச் சொன்னால் கேட்டவருக்கு உங்கள் மாமாவைத் தெரிந்திருக்கும். அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதனால்தான் வாய் தன்னாலே பதில் சொல்லிவிடும். சிநேகிதியோடு இருந்து, கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலை இப்போதே பேசி வையுங்கள். மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், பயமுறுத்தாமல்.

சேர்த்து வைக்க நினைப்பவர்களிடம் அதைவிடக் கவனமாக இருங்கள். கோயில் நிர்வாகியான வண்ணக்கர், பெரியப்பா, ஓய்வுபெற்ற வாத்தியார் என்று மதிப்பானவர்கள் வருவார்கள். "அவன் திருந்திட்டான் மகள், பிள்ளையை ஒருக்கா காட்டு" என்பார்கள். அவர்கள் அழுதுகொண்டு கேட்டாலும் இடத்தைச் சொல்ல வேண்டாம். பேச்சு இருந்தால் சட்டத்தரணியிடம் பேசட்டும். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு எங்கே இருந்தாலும் ஊர் திரும்புவது எங்கள் வழக்கம், எனக்குத் தெரியும். இந்த வருடம் போகாதீர்கள். நீங்கள் வருவீர்கள் என்று அவரும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் நேர்த்தியை அம்மா செய்யட்டும். அம்மாவுக்கும்கூட ஊரின் பெயரைச் சொல்லாதிருப்பது நல்லது என்றுதான் நினைக்கிறேன். தெரியாததை யாராலும் அம்மாவிடமிருந்து பிடுங்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்த வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது? சீதனமாக உங்கள் பெயருக்கு எழுதியது என்றால், உங்கள் சொந்த வீட்டில் அவர் இருக்க நீங்கள்தான் ஒளிந்து திரிகிறீர்கள். இரண்டு பேரும் இருந்த வீட்டுக்குள் அவர் நுழையக் கூடாது என்று தடுக்கவும் அதே பாதுகாப்புக் கட்டளையில் கேட்கலாம். கட்டளை கிடைத்தாலும் இப்போதைக்கு அங்கே திரும்ப வேண்டாம். வெட்டுவேன் என்று சொன்னவரைக் கடதாசி மட்டும் தடுக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீடு உங்களுடையது என்பது வழக்கில் முதல் நாளே பதியட்டும். உறுதி கையில் இல்லாவிட்டால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்.

காசு இல்லாததால் சட்டத்தரணியிடம் போகத் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் வழக்குப் பேசுவார்கள். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களிலிருந்து இங்கே இந்த வேலையைத்தான் செய்கிறது. உடம்பில் காயத் தழும்பு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் வன்முறைக்குள்ளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையத்தில் காட்டிப் பதியுங்கள். சிநேகிதியின் ஊரில் வேண்டாம், மட்டக்களப்பில் காட்டுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவர் வாசலுக்கு வந்துவிட்டால் யோசிக்காமல் 119.

வழக்குப் போட வரும்போது விவாகப் பதிவுச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய கிளினிக் புத்தகம், மிரட்டல் வந்த தம்பியின் போன் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். தம்பி வேறு பஸ்ஸில் வரட்டும். அடிபட்ட நாட்களை நினைவு வரும்போதெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திகதி சரியாகத் தெரியாவிட்டால் "தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை", "மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவு" என்று எழுதினாலும் போதும், இருந்து கணக்குப் பார்த்துக்கொள்வோம். கொப்பியின் அட்டையில் பெயரும் ஊரும் எழுதாதீர்கள்.

அன்புடன்,
அக்கா